மண் பட்டறைக்குச் சூடு தேடிய கதை

1

“ஏனுங்கக்கா, ஒரு சின்ன ரூமைச் சூடு பண்றதுக்கு மூணு மாசமா? இங்க நாங்க சூட்டைத் தொரத்த முடியாமத் தவிக்கறோம்!”

கோயமுத்தூர் பக்கம் சூலூரில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் என் தம்பி ராசு, போன வாரம் போனில் கேட்டது இது. அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்குத்தான் சுருக்கென்றது. நவம்பர் கடைசியில் ஆரம்பித்த சோலி, பிப்ரவரி கடைசியில், நேற்றுத்தான் முடிந்தது. மின் ஆய்வாளர் வந்தார். சுவரையும் ஒயரையும் தட்டித் தடவிப் பார்த்தார். பச்சை ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். அவ்வளவுதான், என் பட்டறையில் மனுசர் உட்காரலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது.

சந்தோஷமாக இருக்கவேண்டிய நாள். ஆனால் இன்று காலையிலிருந்து எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. அடுப்படிக்கும் பட்டறைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். “உக்காரு அம்மணி, தலை சுத்துது” என்கிறார் வீட்டுக்காரர். உட்கார்ந்தால் எழுதத்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவில், டொரண்டோவிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். கல்யாணமாகி இங்கே வந்து இருபத்தொரு வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு கார் ஷெட் நிற்கிறது. போன கோடையில் காரை வெளியே தள்ளிவிட்டு, அங்கே பானை வனைகிற சக்கரத்தையும் கரண்டில் எரிகிற சின்னச் சூளையையும் வைத்தேன். இவர்கள் இதை ஸ்டூடியோ என்கிறார்கள். ஸ்டூடியோ என்றால் எனக்கு இன்னமும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் பக்கம் கை அழுக்காகிற இடமெல்லாம் பட்டறைதான். அதனால் பட்டறை.

மண் வேலை ஊரிலிருந்து நான் கட்டிக்கொண்டு வந்த வித்தை இல்லை. அங்கே நான் தொட்டதெல்லாம் பஞ்சும் நூலும். அப்பா சூலூரில் எட்டுத் தறி ஓட்டினார். இங்கே நான் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ஊர் மன்றத்தில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். முதல் கோப்பை ஒரு பக்கம் கோணி, வாய் பிளந்து வந்தது. “இதுக்கா பிளேன் ஏறுனீங்க?” என்றான் ராசு. இப்போது இந்த ஊர்க் கோவிலின் கிறிஸ்துமஸ் குடிலில் இருக்கும் ஆடு, மாடு, மூன்று ராஜாக்கள் எல்லாரும் என் கையால் ஆனவர்கள்தான். ஒரு ராஜாவுக்கு மட்டும் எங்கள் பெரியப்பா மீசை.

2

சூடு எதற்கு என்று ஊரிலிருக்கிறவர்கள் கேட்பது நியாயம்தான். கைவிரல் விறைக்கும் என்பது ஒரு பக்கம். மண்ணில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் உறைந்தால் பாதி காய்ந்த பானை சில்லுச் சில்லாக உதிர்ந்துவிடும். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, பலகையில் வைத்திருந்த பதினோரு கோப்பைகள் பொரிமாதிரி உதிர்ந்து கிடந்தன. அடக் கெரகமே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

“சூளையே இருக்குதுங்களே. அதுலயே குளிர் காஞ்சுக்கக் கூடாதா?” என்றான் ராசு.

எல்லாரும் கேட்கிற கேள்வி இது. சூளை எரிகிறபோது மண்ணிலிருந்தும் மேல்பூச்சிலிருந்தும் கெட்ட காற்று வரும். அந்த நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு மனுசர் வெளியே போய்விட வேண்டும். சூளை பானைக்கு, நமக்கில்லை.

காற்றாடி வைத்த ஹீட்டர் வாங்கலாமா என்றால், அது தூசியைக் கிளப்பும். களிமண் தூசி காய்ந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, நெஞ்சில் போய்த் தங்கிவிடும். பட்டறையை நான் விளக்குமாறால் பெருக்குவதே கிடையாது, ஈரத்துணியால் துடைப்பதுதான். தறி ஷெட்டில் பஞ்சு பறந்து அப்பாவின் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். கடைசிக் காலத்தில் அவர் இருமியதைக் கேட்டவர்கள் நாங்கள். காற்றாடி வேண்டவே வேண்டாம் என்று ராசுவும் நானும் ஒரே குரலில் சொன்னோம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

விறகடுப்பு வைக்கலாமா என்று கேட்க இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டேன். ஒரு இளம் பெண் எடுத்தாள். முதல் கேள்வி: “வாட் இஸ் யுவர் கரண்ட் ஹீட்டிங்?”

கோயமுத்தூர்க்காரிக்குக் கரண்ட் என்றால் ஒரே அர்த்தம்தான். “நோ கரண்ட். கரண்ட் நாட் நீடட். ஒன்லி விறகு, ஐ மீன், வுட்” என்றேன், வெகு தெளிவாக.

அவளோ ‘இப்போதைக்குச் சூடே இல்லை, தேவையும் இல்லை’ என்று எழுதிக்கொண்டாள். பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது: தங்கள் கார் ஷெட் சூடில்லாத சாமான் அறையாகப் பதியப்படுகிறது, விறகடுப்புக்கு அனுமதி இல்லை. இருபத்தொரு வருஷம் இங்கிலீஷ் பேசியும் ஒரு வார்த்தையில் என் பட்டறையைச் சாமான் அறையாக்கிவிட்டேன்! வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அதைத் திருத்த நான் எத்தனை போன் போட்டேன் என்று கேட்காதீர்கள்.

மிச்சம் இருந்தது கரண்ட் சூடுதான். சுவரில் மாட்டுகிற தகடு, இல்லாவிட்டால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர். நெருப்பு இல்லை, காற்றாடி இல்லை, தூசியைக் கிளப்பாது. ஆனால் சூளை இருக்கிற லைனிலேயே இதையும் மாட்டினால் ஒயர் கருகும். “தனி லைன் இழுங்கக்கா. ஈரக் கை படற இடம், எர்த்து சுத்தமா இருக்கோணும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகுனீங்கன்னா நான் உங்களோட பேசவே மாட்டேன்” என்று ராசு சத்தியம் வாங்கிக்கொண்டான். உள்ளூர் எலக்ட்ரீஷியனும் அதையேதான் சொன்னார். தனி லைனுக்கு அனுமதி வேண்டும். அனுமதிக்கு மனு, மனுவுக்கு வரைபடம். அவருக்குக் கை ஒழிய ஜனவரி கடைசி ஆகும்.

“அப்ப மார்ச் வரைக்கும் சாத்திப்போடு அம்மணி. பானை எங்கயும் ஓடிப்போகாது” என்றார் வீட்டுக்காரர்.

“பானை போகாதுங்க. புள்ள போயிருவா” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

3

எங்களுக்கு ஒரே பெண். ஜெனி. பதினேழு முடிந்துவிட்டது, வரும் செப்டம்பரில் படிக்கப் போகிறாள். அவள் பிடிவாதமாக எழுதிப்போட்ட கல்லூரிகள் எல்லாம் பிளேன் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கின்றன. பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் ஒரு மனு போடு என்றேன். “ம்ம்” என்றாள். அந்த ‘ம்ம்’முக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். சூலூரிலிருந்து இரண்டு மணி நேரத்தில், வெள்ளகோவிலில் கட்டிக்கொடுத்த என் அக்கா வீட்டுக்குப் போவதையே அம்மா தூரம் என்று அழுவாள். நான் அவளைவிட்டு எவ்வளவு தூரம் வந்தேன் என்று ஜெனி ஒரு நாள் கூகுள் மேப்பில் எடுத்துக் காட்டினாள்.

வீட்டுக்குள் அவள் கதவு சாத்தியே இருக்கும். காதில் எப்போதும் ஏதாவது மாட்டியிருப்பாள். நான் தமிழில் கேட்டால் பாதிக்குப் பாதி இங்கிலீஷில் பதில் வரும். ஆனால் போன கோடையில் ஒரு சனிக்கிழமை, என்ன நினைத்தாளோ, பட்டறைக்கு வந்து எதிரில் உட்கார்ந்து ஒரு உருண்டை மண்ணை எடுத்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தாள், மண் ஒட்டிக்கொள்ளும் என்று. பேச ஆரம்பித்தாள். பள்ளிக்கூடம், சிநேகிதி, ஒரு பையன் பெயர்கூட ஒரு தடவை வந்தது. நான் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டேன், நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அன்றிலிருந்து சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை எங்களுக்கு. செப்டம்பருக்குள் எத்தனை சனிக்கிழமை என்று காலண்டரில் எண்ணி வைத்திருந்தேன். அதில் நான்கு மாதத்தைக் குளிருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. இந்த மூன்று மாதமும் நான் ஆடின ஆட்டத்துக்குக் காரணம் அதுதான், பானையும் கிடையாது ஒன்றும் கிடையாது.

4

இப்போது ‘இருக்கட்டும்’ பற்றிச் சொல்ல வேண்டும்.

சின்ன வயதில் நோம்பித் துணி, பண்டிகைத் துணிதான், எடுக்கக் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு அம்மாவோடு போவோம். கடைக்காரர், “அம்மணி, கலர் சாப்படறீங்களா, காப்பி சாப்படறீங்களா?” என்பார். சூலூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். அம்மா சொல்வாள்: “இருக்கட்டுங்க.” அவர் மறுபடி கேட்பார். “அட, இருக்கட்டுங்க.” மூன்றாவது தடவை கேட்காமலேயே காப்பி வந்துவிடும். அம்மா, “எதுக்குங்க இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே ஒரே மடக்கில் குடித்துவிடுவாள். வேண்டாம் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராது. எதிரில் இருப்பவர் மூஞ்சி சுண்டிவிடும்.

இங்கே வந்த முதல் வருஷம் அந்தப் பழக்கத்தால் நான் பட்டினி கிடந்திருக்கிறேன். யார் வீட்டிலாவது சாப்பிடக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டால், ‘நோ நோ, தேங்க்யூ’ என்பேன், இன்னும் இரண்டு தடவை கேட்பார்கள் என்று. அவர்கள் சரியென்று பாத்திரத்தை மூடி உள்ளே வைத்துவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு ராய் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நல்ல மனுசர். எங்கள் வாசல் பனியையும் சேர்த்தே தள்ளிவிடுவார். டிசம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, கையில் ஒரு கேஸ் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார். உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிற குடிசையில் வைத்துக் குளிர் காய்வதாம். நான் சக்கரத்தில் குனிந்து, ஒரு ஜாடியின் கழுத்தைப் பிடித்திருந்தேன். விட்டால் விழுந்துவிடும். ஜெனிதான் கதவைத் திறந்தாள்.

“அம்மா, ராய் ஹீட்டர் கொண்டுவந்திருக்கார். வேணுமான்னு கேக்கறார்.”

“இருக்கட்டும் கண்ணு” என்றேன்.

ஜெனி திரும்பி ராயிடம் இங்கிலீஷில் சொன்னாள்: “இங்கேயே இருக்கட்டுமாம்.”

ராயின் முகம் மலர்ந்துபோனது. உள்ளே வந்து வைத்து, பற்றவைத்தும் காட்டினார். நான் ஜாடியை விட்டு நிமிர்ந்தபோது நீலமும் சிவப்புமாக எரிந்துகொண்டிருந்தது. கொண்டுவந்து வைத்துவிட்டாரே, இனி எடுத்துப்போங்கள் என்று எப்படிச் சொல்வது? “கதவை ஒரு சாண் திறந்தே வையுங்கள்” என்றார். அடியில் ‘வெளியிடத்துக்கு மட்டும்’ என்று எழுத்தும் ஒட்டியிருந்தது. படித்தேன். படித்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அறை கதகதவென்று ஆனது. ஜெனி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அந்தக் கோட்டு கழன்றதைப் பார்த்ததும் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது. ஆனால் கதவைத் திறந்து வைத்தால் சூடு தெருவுக்கல்லவா போகிறது? கதவைச் சாத்தி, பெட்டியில் கிடந்த பவானி ஜமக்காளத்தை எடுத்துச் சுருட்டி, கதவுக்கு அடியில் இருந்த சந்தில் திணித்தேன். ராய் வந்தால் எடுத்துவிடுவேன், போனால் திணித்துவிடுவேன்.

5

ஹீட்டர் வந்த மூன்றாவது சனிக்கிழமை. கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷமும் பிறந்திருந்தது. ஜெனி வழக்கம்போல் ஒன்பதுக்கு வந்தாள். நான் ஒரு தட்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். தலை கொஞ்சம் கனமாக இருந்தது. காலையில் காப்பி சரியாகக் குடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஜெனி அதிகம் பேசவில்லை. இந்த வயசில் ஒரு நாள் பேசுவார்கள், ஒரு நாள் பேசமாட்டார்கள்.

பத்தேகாலுக்கு ராசு போன். அவனுக்கு அங்கே ராத்திரி, கடை மூடுகிற நேரம். பட்டறையில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் வீட்டுக்குப் போனேன். போகிறபோது, “கண்ணு, ஜமக்காளத்தைக் காலால தள்ளி ஒட்டி வெச்சிரு” என்றேன். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. வெளியே நின்று பார்த்தேன், சந்து அடைபட்டது.

அரை மணி நேரத்துக்கு மேல் பேசினோம். என்ன பேசினோம் தெரியுமா? எந்தச் சுவர்த் தகடு நல்லது, எத்தனை ஆம்ப்ஸ், எந்த உயரத்தில் மாட்டுவது. பாதுகாப்பைப் பற்றி அத்தனை நேரம் பேசினோம்! கடைசியில், போனை வைக்கப்போகிற நேரத்தில் ராசு கேட்டான்:

“அதுவரைக்கும் குளிருக்கு என்னங்க பண்றீங்க?”

“பக்கத்து ஊட்டுக்காரரு ஒரு கேஸ் ஹீட்டர் குடுத்திருக்காரு.”

“புகை எங்க போகுதுங்க?”

“புகையே வரலடா. அத்தனை சுத்தம்.”

“கதவு?”

“சாத்தித்தான் இருக்குது. தெறந்து வெச்சா அப்பறம் ஹீட்டர் எதுக்கு?”

அந்தப் பக்கம் கடை ஷட்டரை இழுக்கிற சத்தம் பாதியில் நின்றது.

“அக்கா,” என்றான். குரல் மாறியிருந்தது. “அப்பா ஜெனரேட்டரை ஷெட்டுக்குள்ள இழுத்து வெச்சாரில்லீங்க...”

அவன் முடிப்பதற்குள் எனக்கு அந்த நாள் கண்ணுக்குள் வந்துவிட்டது. கரண்ட் கட் மிஞ்சிப்போயிருந்த ஒரு வருஷம், ஐப்பசி மழை. நனைந்துவிடும் என்று டீசல் ஜெனரேட்டரை அப்பா தறி ஷெட்டுக்குள் இழுத்து வைத்தார். நூல் நனையும் என்று கதவையும் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் தறிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். அம்மாதான் கதவை உதைத்துத் திறந்து இழுத்துப் போட்டாள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு நாள் எங்களை அடையாளம் தெரியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, “நீங்க யாருங்க அம்மணி? எந்த ஊருங்க?” என்று வெகு மரியாதையாகக் கேட்டார். அதை நான் என்றைக்கும் மறந்ததில்லை. ஆனால் அன்று ஷெட்டெல்லாம் கரும்புகை. ஆபத்து புகையில் இருக்கிறது என்றே இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன். புகை தெரியாமலும் அதே விஷக்காற்று வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

“ஜெனிப் பொண்ணு எங்கீங்க?” என்றான் ராசு.

போனை எங்கே போட்டேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் பனியில் ஓடினேன். கதவைத் தள்ளினேன். ஜமக்காளத்தில் சிக்கி அரை அடிதான் திறந்தது. நானே சுருட்டி வைத்தது. தோளால் முட்டினேன், முட்டினேன், கர்த்தரே கர்த்தரே என்று கத்திக்கொண்டு முட்டினேன். ஜெனி மேஜைமேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. “அம்மா... ஃப்ளூ...” என்றாள். நாக்குக் குழறியது. என்னைவிட அரை அடி உயரம் அவள். கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். கால் இரண்டும் தரையில் கோடு போட்டுக்கொண்டு வந்தன. பனியில் போட்டு, மடியில் தலையை வைத்துக்கொண்டேன். வாந்தி எடுத்தாள். ராய் ஜன்னலில் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது அவர்தான்.

“கண்ணு, நான் யாரு? சொல்லு, நான் யாரு?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள், “அம்மா, ஸ்டாப்” என்றாள்.

6

ஆஸ்பத்திரியில் பொழுது சாய்கிறவரை ஆக்சிஜன் வைத்தார்கள். எனக்கும் ஒரு முகமூடி மாட்டினார்கள். அம்மாவும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில். வேலையிலிருந்து நேராக ஓடிவந்த வீட்டுக்காரர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்றார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. ரத்தத்தில் விஷக்காற்று எவ்வளவு என்று டாக்டர் சொன்னார், இனி பயமில்லை என்றார். நல்லவேளை சீக்கிரம் பார்த்தீர்கள் என்றும் சொன்னார். பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்கவில்லை.

பட்டறைக் கதவில் தீயணைப்புக்காரர்கள் சிவப்புக் காகிதம் ஒட்டிவிட்டார்கள். இன்சூரன்ஸிலிருந்து வேறொரு பெண் பேசினாள்: “சாமான் அறையில் உங்கள் மகள் என்ன செய்துகொண்டிருந்தாள்?” ராய் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “கதவைத் திறந்து வைக்கச் சொன்னேனே” என்று மட்டும் சொன்னார். ஜமக்காளத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். தப்பு என்னுது, உங்களுது இல்லை என்றும் சொன்னேன். முதல் நாளே வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் நினைத்திருக்கவே மாட்டார், தூக்கிக்கொண்டு போயிருப்பார்.

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி. வீட்டிலிருந்து தனி லைன் வந்தது. மேஜைக்கு மேலே சுவரில் இரண்டு தகடுகள். மூலையில் எண்ணெய் ரேடியேட்டர் ஒன்று, யாரும் தட்டிவிடாதபடி தரையோடு இறுக்கி. சுவரெல்லாம் பஞ்சுமெத்தைபோல ஒன்றை அடைத்து மூடினார்கள், சூடு அதிலேயே பாதி நின்றுவிடுகிறது. சூளைக்குத் தனியாகக் காற்றுப்போக்கி. விஷக்காற்று வந்தால் அலறுகிற கருவி ஒன்று பட்டறையில், ஒன்று வீட்டில். ராசு வீடியோவில் ஒவ்வொரு ஸ்குருவாகக் காட்டச் சொன்னான். “எர்த்தைக் காட்டுங்க. இன்னும் கிட்டக்க” என்றான். ஆய்வாளர் இருபது நிமிஷத்தில் முடித்ததை இவன் ஒரு மணி நேரம் பார்த்தான்.

7

எலக்ட்ரீஷியன் துளை போட்டுக்கொண்டிருந்த வாரத்தில், மறுபரிசோதனைக்காக ஜெனியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். திரும்பி வருகிறபோது, காரில் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்: “அன்னிக்குத் தலைவலி எப்பக் கண்ணு ஆரம்பிச்சுது?”

“நைன் தேர்ட்டி மாதிரி.”

ஒன்பதரை. நான் போன் பேசப் போனது பத்தேகாலுக்கு. முக்கால் மணி நேரம் நான் அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

“ஏன் சாமி சொல்லல?”

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “சொன்னா, நான் போறதுக்கு எக்ஸ்க்யூஸ் சொல்றேன்னு நெனைப்பீங்க.”

“நான் அப்படி நெனைப்பனா?”

“ஒரு தடவை பதினொரு மணிக்கே எந்திரிச்சுப் போனேன் இல்லையா? நீங்க ஒண்ணுமே சொல்லலை. ஆனா உங்க மூஞ்சி... அம்மா, உங்க மூஞ்சி அந்த வாரம் ஃபுல்லா அப்படியே இருந்துச்சு. அதான். பன்னெண்டு வரைக்கும் எப்படியாவது உக்காந்துடலாம்னு பாத்தேன்.”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிராளி மூஞ்சி சுண்டக் கூடாது என்று நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம். தமிழ் பாதி வரவில்லை, ஊர் தெரியவில்லை, ஒன்றுமே ஒட்டவில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். ஒட்ட வேண்டியது நன்றாகவே ஒட்டியிருக்கிறது. அம்மா மூஞ்சிக்காகப் பிள்ளை விஷத்தைச் சுவாசித்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. காற்றாடி ஆகாது, விறகு ஆகாது, ஒயர் கருகும் என்று நான் நாளெல்லாம் கணக்குப் பார்த்தேன். என் மூஞ்சியை நான் ஒரு நாளும் பார்த்துக்கொள்ளவில்லை.

“போகோணும்னா போ கண்ணு. அம்மா மூஞ்சி எப்படி வேணும்னாலும் போகட்டும். அது எம்பாடு, நான் பாத்துக்கறேன்” என்றேன். அவள் டிஷ்யூப் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

இன்று சனிக்கிழமை. பச்சை ஸ்டிக்கர் ஒட்டியபின் முதல் சனிக்கிழமை. ஆறு மணிக்கே எழுந்து சூடு போட்டுவிட்டேன். ஒன்பதுக்கு ஜெனி வந்தாள், கோட்டைக் கழற்றினாள், மண்ணை எடுத்தாள். கல்லூரியிலிருந்து பதில் வந்துவிட்டதாம், தூரத்துக் கல்லூரிதான், சேரச் சொல்லியிருக்கிறார்கள். அவளே சொன்னாள். நல்லது கண்ணு என்றேன். ஒரு கிண்ணத்தைப் பாதி செய்தாள். சரியாக வரவில்லை. கசக்கி உருட்டி வைத்துவிட்டு, வாளியில் கையைக் கழுவினாள்.

“அம்மா, போர் அடிக்குது. நான் போறேன்.”

மணி ஒன்பதே முக்கால்கூட ஆகவில்லை. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக இருந்திருக்காது. அவளும் அதைப் பார்த்தாள், பார்த்தும் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கதவைத் திறந்து, பனியில் இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நான் ஜன்னலில் நின்றுகொண்டு அழுதேன். கதகதப்பான அறையில், தனியாக, வாய்விட்டு அழுதேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக, வேகமாக, தன் இரண்டு காலால் நடந்து போனாள்.